ஆயுத பூஜையில் பொட்டு வைத்த டேம்பர்

காந்திபுரத்திலிருந்து காரமடை போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த பட்டறைக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"என்ற பேட்டன்ட்டை ஒரு ஆளு கெடுத்துப்போட்டானுங்க."

"எப்படிங்க?"

"காத்துல கரண்டு கம்பி அதிராம இருக்க டேம்பர் செஞ்சனில்லீங்களா? நான் மனுப் போடறதுக்கு முந்தியே, ஆயுத பூஜையன்னிக்கு அதுக்குப் பொட்டு வெச்சு, வேலை செய்யற விதத்தையெல்லாம் யூடியூப்புல வெளக்கிப்போட்டான். புதுசில்லைன்னு ஆபீசர் எழுதிட்டாருங்க."

"யாருங்க அவன்? சும்மா உடக் கூடாதுங்க!"

"நாந்தானுங்க."

இருவரும் சிரித்து ஓய்ந்ததும், "இப்ப அதைவிட நல்லதா ஒண்ணு செஞ்சிருக்கனுங்க" என்று பையைத் திறந்தார். நண்பர் ஆசையாகப் போனை எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

பட்டறைக்காரர் சட்டென்று பையை மூடித் துண்டையும் மேலே போட்டுக்கொண்டார்.

"மொதல்ல மனுவைப் போட்டுட்டு வாரனுங்க."