வாசலுக்கு உள்ளே

— இல்ல அண்ணே, மறுபடி முதல்லேருந்து சொல்லு. தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரி வேணாம். உன் வக்கீலும் நான்தான், வக்கீல்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு.

— எத்தனை வாட்டி ரோண்டா? புதன்கிழமை ஜெபத்துக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன். கதவை உடைச்சிக்கிட்டு உள்ள வந்தான். சுட்டேன். ஹால்லயே விழுந்தான். என் வீடு, என் துப்பாக்கி. இதுல என்ன கேள்வி?

— முன்வாசல் திண்ணையோட பலகைத் தரையை எதுக்குக் கழுவின?

— அழுக்கா இருந்துச்சு.

— அண்ணி போனதுலேருந்து ஒரு நாளாவது அதுல தண்ணி ஊத்தியிருக்கியா நீ? பலகை இடுக்குல ரத்தம் இருக்குன்னு ஷெரீப்போட போலீஸ் ஆளுங்க எழுதி வெச்சிருக்காங்க.

— சரி, வெளியிலதான் நின்னான். இரும்புக் கம்பியை விட்டு கதவை நெம்பிக்கிட்டிருந்தான். போன மாசம் பக்கத்துப் பண்ணையில புகுந்து கட்டிப்போட்டு அடிச்சாங்களே, அதுதான் ஞாபகம் வந்துச்சு. பயந்துட்டேன் ரோண்டா. கதவுக் கண்ணாடி வழியாவே சுட்டேன். அங்கேயே சாஞ்சுட்டான்.

— அப்புறம் ஹாலுக்கு எப்படி வந்தான்?

— நான்தான் இழுத்துட்டு வந்தேன். துப்பாக்கிக் கடை டுவைட் எப்பவும் சொல்லுவான்ல? வெளியில செத்தா கொலை, உள்ள செத்தா தற்காப்புன்னு. கடையில அத்தனை பேரும் தலையாட்டுவாங்க.

— அட கிறுக்கு மனுஷா, டுவைட் என்ன ஜட்ஜா? நம்ம ஓக்லஹோமா சட்டத்துல, அவன் கதவை நெம்பிக்கிட்டு நின்னாலே போதும். காலை உள்ள வெச்சிருக்கணும்னு இல்ல. அவனை விழுந்த இடத்துலயே விட்டுட்டு போன் பண்ணியிருந்தா, இப்படி ஜெயில்ல உக்காந்திருக்க மாட்ட.

— நிஜமாவா சொல்ற?

— நிஜமாத்தான். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பயத்துல புத்தி மழுங்கி பிணத்தை நகர்த்திட்டான்னு சொல்லிக்கலாம். அது தப்புதான், ஆனா கொலை இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் உதைக்குது. ரெண்டு வெடிச் சத்தம் கேட்டுச்சாம், நடுவுல ரொம்ப நேரம் இடைவெளி இருந்துச்சாம். எதிர்வீட்டு ஓபல் சொல்றா.

— அவளுக்குக் காது மந்தம்.

— கிளைட் அண்ணே, என் முகத்தைப் பாரு. நீ இழுக்கும்போது அவன் செத்துட்டான்தானே?

— தண்ணி இருந்தா குடு.

— அப்புறம் குடிக்கலாம். செத்துட்டான்தானே?

— "உள்ள வேணாம் சார், நான் போயிடுறேன்"னு இழுக்க இழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தான்.