சாக்கின் மேல் பேர்

போடிமெட்டிலிருந்து ஏலம் விடும் மையத்துக்கு இறங்கிய ஜீப்பில், ஏலக்காய் மூட்டைகளின் மேல் இரண்டு பெண்களோடு நானும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். இளையவளின் கணவர் முன்சீட்டில் டிரைவரோடு பேச்சில் இருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, ரேடியோவுல ஒரு கவிதக்காரி என்னையக் கெடுத்துப்புட்டா."

"அப்படி என்னத்தச் சொன்னா?"

"பாடுபட்டது நீ, பேரு மட்டும் யாருக்குன்னு கேக்குறா. நம்ம சாக்கப் பாத்தேன். களையெடுத்தது நான், காய் பறிச்சது நான். எழுதியிருக்கிறது அவுக பேரு."

"அதுக்கு?"

"நேத்து மையத் தொட்டு, எல்லாச் சாக்குலயும் என் பேர எழுதிப்புட்டேன்."

"ஆத்தாடி! அண்ணன் பாக்கலையா?"

"எங்கிட்டுப் பாக்க? மூட்டையக் கட்டுனதும் நான், ஜீப்புல ஏத்துனதும் நான். ஏலத்துல பேரு வாசிக்கையில கேட்டுக்கிடட்டும்."