தூங்கும் தலைவரைத் தீட்டிய தூரிகைக்கு

கோடை மெல்லக் குனிந்து விடைபெற, கார்மேகம் கனத்து நிற்கும் காலம் இது. பெய்யவும் மனமின்றிப் பிரியவும் மனமின்றித் தயங்கும் அம்முகிலைப் போலவே, எங்கள் மாலை நாளிதழின் மாடியறையும், தாங்கள் பணி நிறைவு பெறும் இன்று தயங்கி நிற்கிறது.

கோட்டிலே குணம் காட்டிய கோமானே! கேலிப்படக் கலையின் காவலரே! முப்பத்தோராண்டு முதற்பக்க மூலையிலிருந்து நாட்டை நகைக்கவைத்த நல்லவரே! வணக்கம்.

அரியணை ஏறியோரை அரைச்சொட்டு மையால் மனிதராக்கியவர் தாங்கள். கூட்டந்தோறும் கண்ணயரும் மூத்த தலைவரை, மடியில் குடையோடு நாற்காலியில் உறங்குபவராகத் தாங்கள் தீட்டத் தீட்ட, அவரை அஞ்சிய ஊர் அவரிடம் அன்பு கொண்டது. அவர் கட்சியினரே குடைபிடித்து வாக்குக் கேட்டனர்!

அந்த நண்பகலை மறப்போமா? உறங்கும் படம் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கையில், மேடையில் அவர் மயங்கி வீழ்ந்த செய்தி வந்தது. நாம் நகைத்த உறக்கம் நோயின் அறிகுறி என்றறிந்து, படிகளில் பாய்ந்திறங்கினீர்கள்.

"அண்ணே, நிறுத்துங்க!"

"பாதி ஓடிருச்சே தம்பி!" என்றார் அச்சுக்கூட மேற்பார்வையாளர்.

"ஓடினதை நானே கிழிக்கிறேன். மிச்சத்தை நிறுத்துங்க."

மை படிந்த கைகளால் கிழித்தீர்கள். அன்று முதற்பக்க மூலையில் தங்கள் படத்துக்கான கட்டம் வெறுமையாகவே வெளிவந்தது. "நோயாளியைப் பார்த்துச் சிரிச்ச கை இது. இனிமே வரையாது" என்று விலகல் கடிதத்தை ஆசிரியர் மேசைமேல் வைத்தீர்கள். ஆசிரியர் அதைப் பிரிக்கவில்லை, கட்டத்தையும் நிரப்பவில்லை.

நாற்பதாம் நாள் தொலைபேசியில் அத்தலைவரே வந்தார். "ஏன்யா, என் நாற்காலி எங்கே? நீ வரையாததால நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு என் கட்சிக்காரனே மாலைக்குச் சொல்லிட்டான்! சீக்கிரம் என்னைத் தூங்க வைய்யா!"

மறுநாள் அக்கட்டத்தில் குடையோடு உறங்கினார் தலைவர். ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. நாடு நகைத்தது. இம்முறை கிழித்தவர் ஆசிரியர்; கிழிந்தது தங்கள் கடிதம்.

அன்று முதல், படத்தை அச்சுக்கு அனுப்பியதும் தூரிகையைக் கழுவித் துடைத்து, கண்மூடி நிற்பது தங்கள் வழக்கமாயிற்று. என்ன வேண்டுகிறீர்கள் என நாங்கள் கேட்டதில்லை. அன்று கேலிக்கு ஆளானவரின் பெயரைத் தங்கள் உதட்டசைவில் கண்டிருக்கிறோம்.

இன்றும் தூரிகையைக் கழுவி வைத்துக் கண்மூடினீர்கள். தங்கள் பின்னே, தங்கள் பெயரைச் சொல்லி நாங்களும் தலைவணங்கி நின்றோம்.

இறையருளால் நோயின்றி நெடிது வாழ்க! கை நடுங்காது, கண் மங்காது வாழ்க! நண்பகல் நாற்காலியில் நிம்மதியாய் உறங்கி, நகைத்தபடி எழுக!

என்றும் தங்கள் அன்பு மறவா,
ஆசிரியர் குழுவினரும் அச்சுக்கூடத்தாரும்