பத்து அவன்களை ஆண்ட எங்கள் சித்திக்கு

மாவு பொங்கும் மாயத்தை மூக்காலேயே அறிந்தவரே! சூட்டின் சூட்சுமம் தெரிந்தவரே! எங்கள் தொலைக்காட்சிக் கேக் போட்டியின் சோதனைச் சமையலறைக்குத் தலைவியாய் இருந்து, இருபத்தோரு ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிய எங்கள் அன்புச் சித்தியே! ஒளிப்பதிவாளர் முதல் பாத்திரம் கழுவுபவர் வரை எல்லோரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

சித்தியை நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். ஆகவே அவர் இங்கே இல்லாததுபோல, அவையோரிடம் அவரைப் பற்றிச் சொல்கிறோம்.

விளக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் அவருடைய அக்கா மகன். அவர் சித்தி என்று கூப்பிட, படப்பிடிப்புத் தளமே கூப்பிடத் தொடங்கியது. பொறுப்போ கேக் வேகும் மின்னடுப்புகளான அவன்களின் பொறுப்பு. ஆகையால் ‘அவன் சித்தி’ ஆனார். புதிதாக வேலைக்குச் சேர்பவரிடம் “அவன் சித்தியைக் கேளுங்க” என்றால், “எவன் சித்தியை?” என்று திருப்பிக் கேட்பார். அந்தச் சிரிப்பு எங்களுக்கு இன்னும் அலுக்கவில்லை.

வீட்டில் பார்ப்பவர்களுக்குப் பத்து மேசையும் பத்து அவனும் பளபளவென்று தெரியும். ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் முன்னால் சித்தி ஒவ்வொரு அவனிலும் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி வைத்து, எது எங்கே சிவக்கிறது என்று குனிந்து பார்ப்பது யாருக்கும் தெரியாது. ஒரு மூலை மட்டும் கருகினால் அந்த அவன் போட்டிக்கு ஆகாது. விளக்குச் சூட்டில் வெண்ணெய் எவ்வளவு நேரம் தாங்கும், நடுவர் வாயில் வைக்கும்போது கேக் எவ்வளவு ஆறியிருக்கும் என்று எதையெடுத்தாலும் கேள்விதான். பதில் கிடைக்கும் வரை நகரமாட்டார்.

அந்தக் குணத்தால் ஒருமுறை ஓர் அரையிறுதிச் சுற்றே பாதியில் நின்றுபோனது. அதைத்தான் இந்த மடலில் எழுதிவைக்க விரும்பினோம்.

கடைசி மேசையில் நின்றவர் பேருந்து ஓட்டும் ஓர் அம்மா. வாரம் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, விடுமுறை நாளில் வந்து கேக் செய்பவர். அன்று அவர் அவனிலிருந்து எடுத்த கேக்கின் நடுவில் பெரிய குழி விழுந்திருந்தது. நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா கைத்துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

தன் அவன்தான் ஏமாற்றிவிட்டது என்று சித்தி நினைத்தார். தீர்ப்பை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அந்த அவனில் மறுபடி ரொட்டித் துண்டுகளை வைத்தார். எல்லாம் ஒரே நிறமாகச் சிவந்து வந்தன. அவன்மேல் குற்றமில்லை. எங்களுக்கு மூச்சு வந்தது, தொடரலாம் என்றோம். சித்தி மட்டும் அசையவில்லை. மாவு கலந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். கலந்ததும் சரி, சூடும் சரி, பிறகு எப்படிக் குழி விழும் என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். பிறகு நேராகப் பதிவுத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கடைசி மேசைக் காட்சிகளை ஓட்டச் சொன்னார்.

திரையில் அந்த அம்மா அவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். மறுபடியும் திறந்தார். கண்ணாடியில் விளக்கு பட்டு முகம் சரியாக விழவில்லை என்று எங்கள் ஒளிப்பதிவு ஆட்கள்தான் திரும்பத் திரும்பத் திறக்கச் சொல்லியிருந்தார்கள். கேக் இறுகுவதற்குள் கதவைத் திறந்தால் சூடு ஓடிவிடும், பொங்கியது அமுங்கிவிடும். கெடுத்தது நாங்கள்.

இயக்குநருக்குத் தர்மசங்கடம். அன்றைக்குள் படப்பிடிப்பை முடித்தாக வேண்டும்.

“சித்தி, வீட்ல பார்க்கிறவங்களுக்கு இது தெரியவா போகுது?” என்றார்.

“தெரியாது. ஆனா அந்தம்மா தனக்குக் கை வரலைன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க. அப்புறம் கேக் பக்கமே வரமாட்டாங்க. அதைச் செஞ்சது நாமளா இருக்கும்.”

இயக்குநர் அந்தக் காட்சியை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு போட்டியாளர்களை அழைத்து உள்ளதைச் சொன்னார். ஒருவருக்கு மட்டும் மறுவாய்ப்பு என்றால் மற்றவர்களுக்கு அநியாயம் என்று அவர்களில் ஒருவரான பல் மருத்துவர் நியாயம் பேசினார். அவருடைய கேக் அன்று அருமையாக வந்திருந்தது. கடைசியில் எல்லோரும் மறுபடி செய்வதென்று முடிவானது. தம் நல்ல கேக்கைப் பெருமூச்சோடு ஓரமாக வைத்துவிட்டு முதலில் முட்டை உடைக்கத் தொடங்கியவரும் அந்தப் பல் மருத்துவரே.

இம்முறை ஓட்டுநர் அம்மாவின் கேக் பஞ்சுபோல் எழும்பியது. ஆனால் ஆறுவதற்குள் க்ரீம் தடவிவிட்டார். நடுவர்கள் வருவதற்குள் க்ரீம் உருகி வழிந்து மேல் அடுக்கே சரிந்துவிட்டது. போட்டியிலிருந்து வெளியேறினார்.

சித்தி அவரைத் தேற்ற முன்னால் போய் நின்றார். அந்த அம்மாவோ சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“க்ரீம் வழிஞ்சது என் அவசரத்தால. இது என் தோல்விதான், சந்தோஷமா எடுத்துக்கிட்டுப் போறேன். முதல்ல வந்தது என்னோடது இல்லையே.”

அதற்குப் பிறகு, கதவு திறக்கும் காட்சிக்கென்றே தனியாக ஒரு கேக் வேகிறது. போட்டிக் கேக்கின் கதவைத் திறக்கச் சொல்ல இங்கே எவருக்கும் உரிமையில்லை. அந்த விதி எங்கும் எழுதப்படவில்லை. சித்தி நிற்கும் இடத்தில் அது தானாகவே நிலைத்து நின்றது.

சித்தி, இனி உங்களிடமே பேசுகிறோம். இத்தனை ஆண்டுகளாக எந்தக் கேக்கையும் கரண்டி நுனியில் தொட்டுச் சுவைத்துவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினீர்கள். நோயின்றி, குறையின்றி, கேட்கக் கேட்கத் தீராத கேள்விகளோடு நீடு வாழுங்கள். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, சுடச்சுட ஒரு முழுத் துண்டைத் தட்டில் வைத்துச் சாவகாசமாகச் சாப்பிடுங்கள். நாங்கள் யாரும் கூப்பிடமாட்டோம்.

இங்ஙனம்,
உங்கள் கை பட்ட சமையலறையின் ஊழியர்களும்,
படப்பிடிப்புக் குழுவினரும்