சங்கு செல்லாது என்று சொன்ன சந்தைக்கு

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, வெகுநேரமாக ஒரு வாய் இளநீர்கூடக் குடிக்காமல் அமர்ந்திருக்கும் அம்மையார் இயாதெமுல் அவர்களே! பாக்குச் சிவப்பேறிய புன்னகையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்வழிக் குடிகளின் மாமன்மார்களே! வெள்ளி முளைக்குமுன் விழித்து, கூடை சுமந்து, கொளுத்தும் வெயிலில் விற்று, வீடு திரும்பியும் அடுப்பு மூட்டும் அன்னையர்களே! வேலிமேல் ஏறிக் காலாட்டிக்கொண்டிருக்கும் காளையர்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

நம் வுனபாலாய்ச் சந்தையின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. என்ன எழுதியிருக்கிறது அதில்? “இங்கே சங்குக் காசு செல்லாது. வாடகையும் வணிகமும் தாளிலும் நாணயத்திலும் மட்டுமே.” எங்கே செல்லாது? எவர் மண்ணில் செல்லாது? பிரம்பு நாரில் கோத்த தபுச் சங்கை இரு கை விரித்துப் பாகம் பாகமாக அளந்து, பெண் எடுத்த மண்ணிலா செல்லாது? பிணக்குத் தீர்த்த மண்ணிலா செல்லாது?

சந்தை நிர்வாகத்தார் சொல்கிறார்கள், சங்கு காட்டுமிராண்டிக் காலத்துக் காசாம். காசின் கதை தெரியுமா அவர்களுக்கு? சொல்கிறேன், கேளுங்கள். மாலைத்தீவில் மணலோடு மணலாகக் கிடந்த சோழி, மரக்கலம் ஏறிப்போய் வங்காளத்துச் சந்தையில் அரிசி வாங்கியது. சைபீரியப் பனியில் தேயிலையை அச்சில் அழுத்திக் கட்டியாக்கிக் காசாக்கினார்கள். குளிர் தாங்காவிட்டால் காசையே கொதிக்கவைத்துக் குடித்தார்கள்! சுவீடன் நாட்டிலே செப்புத் தகடு காசாக இருந்தது. பெரிய தகட்டைத் திருட வந்தவனும் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டிருப்பான்! நமக்கு வடக்கே யாப் தீவிலே, ஓடம் கவிழ்ந்து கடலடியில் கிடக்கும் கல்லும் காசுதான். கண்ட கண் எதுவும் இன்று இல்லை; ஆனாலும் அது இன்னாருடைய செல்வம் என்று ஊரே ஒப்புக்கொள்கிறது.

இவற்றுள் எது காட்டுமிராண்டித்தனம்? உப்பானாலும் செப்பானாலும், கல்லானாலும் கட்டித் தேயிலையானாலும், காசைக் காசாக்கியது எது? வாங்குகிறவன் நீட்டுகிற கை! அந்தக் கை மடங்கிவிட்டால் பொன்னும் மண்.

என்ன மாமா? உரக்கச் சொல்லுங்கள். ஆமாம், உலகப் போரின்போது படையோடு வந்தவர்கள் கொண்டுவந்த தாள்! மாமா நினைவூட்டுகிறார். தென்னைமரம் அச்சிட்ட அழகான தாள். போர் முடிந்த மறுநாள் அந்தத் தாள் என்னவாயிற்று? சுருட்டுச் சுற்றத்தான் ஆயிற்று. அதற்கும் முன்னே ஜெர்மானியர் வந்தார்கள், வணிகத்தில் தபு கூடாது என்று ஆணையிட்டார்கள். அவர்கள் போனார்கள். தபு நின்றது! எரிமலை வெடித்துச் சாம்பல் பொழிந்தது, வங்கிக் கதவு பூட்டிக் கிடந்தது. தபு நின்றது! இன்னும் ஒன்று கேளுங்கள். நம் நாட்டு நோட்டைக் கினா, கினா என்று பெருமையோடு எண்ணுகிறார்களே, கினா என்பது எதன் பெயர்? முத்துச் சிப்பியின் பெயர்! அதன் சில்லறையான தோயா என்பது? சங்கு வளையலின் பெயர்! சங்கின் பெயரைச் சூட்டிக்கொண்ட தாள், சங்கைப் பார்த்துச் செல்லாது என்கிறது.

கைதட்டல் போதும். நேற்று நடந்ததைச் சொல்லவே இந்த மேடை ஏறினேன்.

அதோ, அந்தச் சந்தை வாசல் அறையில் சன்னலுக்குள் அமர்ந்து வாடகை வாங்குகிற தோபரிட்டை எல்லாரும் அறிவீர்கள். நல்ல பிள்ளை, நம் பிள்ளை. பலகையை ஆணி அடித்து மாட்டியவனும் அவன்தான். அவன் தந்தை தோலவாய், தன் சாவுக்கென்று வாழ்நாளெல்லாம் சேர்த்த தபுவைச் சக்கரமாகச் சுற்றி, இலை பொதிந்து, மகன் வீட்டில் வைத்திருந்தார். மகன் என்ன செய்தான்? சக்கரம் சும்மா கிடக்கிறதே, வங்கியில் போட்டால் வட்டி தருமே என்று, அதைத் தொலைவூர் வணிகனுக்கு விற்றுத் தாளாக்கினான். வேண்டும்போது சந்தையில் தபு வாங்கிக்கொள்ளலாம், சந்தையில் தபுவுக்கா பஞ்சம் என்பது அவன் கணக்கு. நம்மில் எத்தனையோ பேர் போடுகிற கணக்குத்தான் அது. ஆனால் அந்தச் சந்தை வாசலில் தன் கையாலேயே பலகை மாட்டினான்!

நேற்று விடியலில் தோலவாய் கண்மூடினார். உறவெல்லாம் முற்றத்தில் வந்து அமர்ந்தது. வந்த உறவுக்கெல்லாம் வழக்கப்படி வெட்டிக் கொடுக்கச் சக்கரம் இல்லை. தோபரிட் தாள்களை அள்ளிக்கொண்டு சந்தைக்கு ஓடினான். கடை கடையாகக் கேட்டான். ஒருத்தியிடமும் ஒரு பாகம் தபு இல்லை. கடைசியில் பாக்கும் சுண்ணாம்பும் விற்கும் இயாகுரியத்திடம் வந்து நின்றான். சங்குக் காசில் விற்றதற்காக அவளுக்குத்தான் அவன் போன வாரம் எச்சரிக்கை கொடுத்திருந்தான். தாளில் வாடகை கட்டாவிட்டால் இன்று மாலை மணியோடு அவள் கடை காலி.

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. “என்ன தம்பி, பலகை மாட்டுனது நீதானே? அதப் படிச்சுட்டு சங்கயெல்லாம் வீட்லயே வச்சுட்டு வந்துட்டோம். சொன்ன பேச்சு கேக்குற பொம்பளைங்கடா நாங்க.”

“அக்கா, கேலி பண்ற நேரமா இது? அப்பா கெடக்குறாரு.”

“உங்கப்பன் எங்கிட்ட பாக்கு வாங்காத நாளு உண்டா? நோட்ட மடிச்சு உள்ள வை. வீட்டுக்குப் போயிட்டு வாறேன்.”

அவள் வருவதற்குள் வீட்டிலே பெரும் சங்கடம். காத்திருந்த முகங்களைப் பார்க்க முடியாமல் தோபரிட் தாள்கட்டை எடுத்து நீட்டப் போனான். அவன் தாய்மாமன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“என்னடா செய்யப் போறே? உங்கப்பனுக்குக் காகிதத்தையா வெட்டிக் குடுப்பே?”

கேட்டீர்களா அந்தக் கேள்வியை? தாளை வெட்டினால் குப்பை! தபுவை வெட்டினால் பங்கு! முழுதாக இருக்கும்வரை ஒருவனுடைய செல்வம். வெட்டிய நொடியில் ஊருடைய செல்வம். வந்து அழுத ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு; ஒவ்வொரு துண்டிலும் இறந்தவர் பெயர். உலகத்திலே எந்த நாட்டுத் தாளுக்கு உண்டு இந்தத் தகுதி?

இயாகுரியம் வந்தாள். தனியாகவா வந்தாள்? சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் கூடை கூடையாகத் தபு கொண்டுவந்தார்கள். இறந்தவரை முன்னால் வைத்துப் பேரம் பேசவில்லை. நியாய விலைக்குத் தாள் வாங்கிக்கொண்டு தபுவைக் கொடுத்தார்கள். தோலவாய்க்கு வெட்ட வேண்டியதை வெட்டினார்கள், கொடுக்க வேண்டியவர்க்குக் கொடுத்தார்கள். இன்று காலை அவரை மண்ணில் வைத்தோம்.

பெருமக்களே! இப்போது இயாகுரியத்தின் கூடையில் தோபரிட் கொடுத்த தாள் இருக்கிறது. அதை நீட்டினால் போதும், அவள் கடை அவளுக்கு. நீட்டினாளா? மேடை ஏறுமுன் நானே கேட்டேன், கையிலே பணத்தை வைத்துக்கொண்டு ஏன் அம்மா கடையை இழக்கிறாய் என்று.

“இத நான் குடுத்தா நாளைக்கு எல்லாரும் குடுப்பாங்க. அப்புறம் சங்குக்கு யாரு பாக்கு விப்பா? அடுத்த சாவுக்கு எவ கூடையில சங்கு இருக்கும்? எஞ்சாவுக்கு இருக்குமா? சங்கு வாங்குனா கட்டுறேன். வாங்காட்டி கூடையத் தூக்குறேன்.”

அவளிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பாகம் தபு. அதோ, கழுத்தில் மாலையாகப் போட்டிருக்கிறாள்.

வேலிமேல் இருக்கும் தம்பி கேட்கிறார், பலகையை உடைக்கலாமா என்று. வேண்டாம் தம்பி. பலகையை உடைத்தால் வேறு பலகை வரும். நீட்டிய தபுவை ஒரு கை வாங்கிவிட்டால், அந்தப் பலகைக்குப் பொருள் என்ன? இந்த ஊரில் எது காசு என்பதைப் பலகையா சொல்லும்? வாங்கும் கை சொல்லும்! வரிசையில் நிற்கும் கால்கள் சொல்லும்!

மாலை மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. இவ்வளவு நேரம் வெயிலில் அமர்ந்து என் சொல்லுக்குச் செவி தந்த தாய்மாருக்கு நன்றி. நினைவூட்டிய மாமனுக்கு நன்றி. பேச அழைத்த தலைவருக்கு நன்றி. வுனபாலாய் வாழ்க, உங்கள் கூடைகள் நிறைக.

எழுந்திருங்கள், தாய்மார்களே! தாளை மடியில் முடிந்துகொள்ளுங்கள். தபுவைக் கையில் எடுங்கள்! இயாகுரியம், நீ முன்னே நட. உன் பின்னால் ஊர் வருகிறது. தோபரிட்! தந்தைக்குத் தபு வெட்டிய ஈரம் உன் கையில் இன்னும் காயவில்லை. நிர்வாகம் கேட்டால், ஊர் கொடுத்தது, வாங்கினேன் என்று சொல். சன்னலைத் திற. கையை நீட்டு. இந்த அம்மையின் தபுவை இப்போதே வாங்கு!