உப்புப் பாகும் ஓர் ஏலக்காயும்

கசந்தது, தலைவர் அவர்களே. மைக்கை என் கையில் தரும்போது, "சாக்லேட் எப்படி?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் பதில். கசந்தது. பிறகு உப்புக் கரித்தது.

பதில் முந்திக்கொண்டது. வணக்கம் பிந்திவிட்டது. பொறுத்தருள்க.

வெள்ளிவிழாக் காணும் இந்த ஏலக்காய்க் கிட்டங்கியின் முதலாளியும் விழாத் தலைவருமான காசிமாயன் அவர்களே! இருபுறமும் வீற்றிருக்கும் போடி வணிகப் பெருமக்களே! குரங்கணியிலிருந்து ஜீப்பில் தொங்கியபடி வந்து இறங்கிய தோட்டத்துத் தோழர்களே! நாற்காலி கிடைக்காமல் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் சிலமலைத் தாய்மார்களே! வணக்கம்.

நான் அன்னக்கொடி. இங்கே காய் தரம் பிரிக்கும் குருவம்மாளின் மகள். மதுரையில் எம்.ஏ. படிக்கிறேன். படித்த பெண், பணிவாகப் பேசுவாள் என்று நன்றியுரைக்கு அழைத்தார்கள். எதற்கு நன்றி? ஐரோப்பா போய்த் திரும்பிய முதலாளி, தரம் பிரிக்கும் நாற்பது பெண்களுக்கும் நேற்று ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தாரே, அதற்கு.

வெளியே தங்கத்தாள். உள்ளே கரி நிறம். நடுவில், காய்ச்சிய சர்க்கரைப் பாகு. பாகில் உப்பு. அங்கே அதுதான் ருசியாம். இருக்கட்டும். குளிர்நாட்டு நாக்குக்கு அது கொண்டாட்டமாக இருக்கலாம். கருப்பட்டிக் காப்பி குடித்த நாக்குக்கு? பாதியைத் தாளில் சுற்றி எனக்குக் கொண்டுவந்த என் தாய் கேட்டாள்:

"ஏத்தா, பாகும் தீஞ்சு போயி, உப்பையும் அள்ளிக் கொட்டியிருக்காகளே. எந்த வீட்டு மருமக செஞ்சா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முதலாளி, நீங்களும் சிரிக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

துப்ப முடியுமா? நீங்கள் எதிரே நின்றீர்கள். நாற்பது பேரும் தலையாட்டினார்கள். நாற்பது பேரும் விழுங்கினார்கள். என் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரிக்கும் முத்துப்பேச்சியும் விழுங்கினாள். வாயெல்லாம் கசப்பு. முன்னால் மலைபோல் ஏலக்காய். கை தானாகப் போனது. வாய் கசந்தால் எங்கள் ஊர்க் கைக்கு வேறு வழி தெரியாது. ஒரு காய். வெடித்த காய். தரம் தப்பி ஒதுக்கிப் போட்ட காய். வாயில் போட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. இந்தக் கிட்டங்கியில், மாலையில் பெண்கள் மடியை உதறிக் காட்ட வேண்டும். பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஐம்பத்தொன்பதில் தொடங்கி இந்த எண்பத்து நான்கு வரை, ஒரு நாளும் தவறாமல். நேற்றும் காவல்காரர் சுடலை அண்ணன் கேட்டில் நின்றார்.

"வாயத் தொறத்தா."

"நேத்துப் பாத்த அதே பல்லுதேண்ணே. புதுசாவா மொளைச்சிருக்கு?"

"வெரசாத் தொற. எனக்குச் சோலி கெடக்கு... நாக்குல என்ன கருப்பா?"

"மொதலாளி குடுத்த சாக்லேட்டு."

"சாக்லேட்டு ஏலக்கா வாசமா அடிக்குது?"

முடிந்தது. பதினெட்டு வருடம் இங்கே உட்கார்ந்தவள் ஒரு நொடியில் திருடி. நாளை முதல் வேலை இல்லை. இதோ, விழாவுக்குள் விடாமல், கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். திரும்பிப் பாருங்கள்!

கசப்பைக் கொடுத்தவர் வள்ளல். கசப்பைக் கழுவப் பார்த்தவள் கள்ளியா? தின்னச் சொல்லும்போது திற. திரும்பிப் போகும்போது திற. பேசும்போது மட்டும் மூடு. இது என்ன வாய்? சந்தையில் பல் பிடித்துப் பார்க்கும் மாட்டு வாயா?

நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிறீர்களா, தலைவர் அவர்களே? அடியுங்கள். மணிக்கும் உங்கள் சாக்லேட்டுக்கும் ஒரே மரியாதைதான் என்னிடம்.

முத்துப்பேச்சி நாளைக் காலை தன் இடத்தில் உட்கார வேண்டும். கேட்டில் இனி எந்தப் பெண்ணும் வாயைத் திறக்கமாட்டாள். தாய்மார்களே! இன்றே, இந்தப் பந்தலை விட்டுப் போகும்போதே, உதட்டை மூடிக்கொண்டு கேட்டைக் கடந்து வாருங்கள்!

என்னம்மா? மைக்கில் சொல்கிறேன், எல்லோரும் கேட்கட்டும். "எறங்குடி கீழ. நாளைக்குச் சோத்துக்கு எங்கடி போறது?" என்கிறாள் என்னைப் பெற்றவள். நியாயமான கேள்வி. ஒருத்தியாகப் போனால் என்னிடம் பதில் இல்லை. நாற்பது பேரும் போனால்? சனிக்கிழமை காயை ஏலம் விடும் நாள். பிரிக்காத காயைக் கொண்டுபோய் முதலாளி யாரிடம் விற்பார்? அந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம் இல்லை.

நன்றி சொல்ல வந்தவள் சொல்லாமல் போகக் கூடாது. கடைசிவரை கேட்ட உங்களுக்கு நன்றி. சாக்கில் அமர்ந்தோர்க்கு இன்னொரு முறை வணக்கம்.

அன்னக்கொடி மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். கேட்டைத் தாண்டிப் போய், முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் தாய் எழுந்து வருகிறாளா என்று பார்த்தாள்.