பதினோராம் புதிரில் பிழை

…இல்ல நர்ஸம்மா, நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? மூணு வருஷமா மாசம் தவறாம ஒரு மனுஷன் நம்மளக் குத்திக் கொதறி லெட்டர் போடுவாராம், திடீர்னு ஒரு மாசம் வாயை மூடிக்குவாராம்! இன்னிக்குத் தேதி என்ன? பத்தொம்போது. எப்பவும் பத்தாம் தேதிக்குள்ள வந்துடும். இந்த மாசம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. என்ன திமிரு பாருங்க!

நீங்க வேலையப் பாருங்க, லேட்டா வந்த ஆர்டருக்கெல்லாம் கவருக்குள்ள புக்கைப் போட்டுக்கிட்டே கேளுங்க. ஆங், அப்படித்தான், மடங்காம. நர்ஸ் கைன்னா நர்ஸ் கைதான், என்ன நறுவிசு! எங்க டெய்லர் அக்கா போட்டா கவரு வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும். கேட்டா, "பின்னாடி பிரிச்சு விடறதுக்குத் துணி விட்டிருக்கேன்டி"ம்பாங்க. புக்குக்கு எதுக்குத் துணி? சொன்னா கோவம் வரும். கடை அவங்களுது, பின் ரூம் அவங்களுது, டீ அவங்களுது. நான் எதுக்கு வாயைக் குடுக்கணும்?

யாரு அந்த மனுஷன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்றேன்.

நாங்க இந்தப் புக்கு ஆரம்பிச்சப்ப மூணே பேரு. டெய்லர் அக்கா, பேங்க்ல வேலை பாக்குற தம்பி, அப்புறம் போன் ரிப்பேர் பாக்குற நானு. மூணு திருநர் சேர்ந்து மாசாமாசம் குறுக்கெழுத்துப் புக்கு போட்டு வித்து, கண்ணாடி வாங்க வழியில்லாத பெரியவங்களுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுக்கப் போறோம்னு சொன்னோமா… ஒருத்தர் பாக்கி இல்லாம சிரிச்சாங்க. லைப்ரரி வாசல்ல மேசை போட்டு உக்காந்தோம். ஒரு அம்மா வந்து புக்கைப் புரட்டிப் பாத்தாங்க. அப்புறம் எங்களை மேலயும் கீழயும் பாத்தாங்க. "இதெல்லாம் நீங்களே யோசிச்சுப் போடுறதா?"ன்னாங்க. "இல்லங்கம்மா, ஆடு வந்து போட்டுட்டுப் போகுது, நாங்க காலையில கூட்டி அள்ளி அச்சுக்குக் குடுத்துடுவோம்"னேன். பேங்க் தம்பி மேசைக்கு அடியில என் காலை மிதிச்சான் பாருங்க, ஒரு வாரம் நொண்டினேன். ஆனா அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு ரெண்டு புக்கு வாங்கிட்டுப் போனாங்க. இன்னிக்கு வரைக்கும் சந்தா கட்டுறாங்க. பல்லு போனாலும் நம்ம பதினோராம் புதிரை விட மாட்டாங்களாம். ஆமா, பதினொண்ணு என்னுது. எப்பவும் அந்த நம்பர்தான். பேங்க் தம்பி போடுற ஏழாம் புதிர் இருக்கே, பாஸ் புக்கு மாதிரி இருக்கும். சிரிக்கவே வராது.

எங்க விட்டேன்? ஹாங், லெட்டர்.

ரெண்டாவது மாசம் புக்குல நான் ஒரு குறிப்புக் குடுத்திருந்தேன். "ஆறு கால், வலை பின்னும், நாலு எழுத்து." விடை சிலந்தி. சிலந்திக்கு எட்டுக் காலு. எனக்குத் தெரியாதா? தெரியும். ஏதோ கை தவறிடுச்சு. நாலாம் நாள் வந்துச்சு லெட்டரு, ரெண்டு பக்கம்! "ஐயா, சிலந்திக்குக் கால்கள் எட்டு. ஐயமிருப்பின் எண்ணிப் பார்க்கவும்." கீழ ஸ்கேல் வச்சு ஒரு சிலந்திப் படம் வேற. ஒவ்வொரு காலுக்கும் நம்பர் போட்டிருக்கு, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும். டெய்லர் அக்கா அதைப் படிச்சுட்டு மெஷின்மேல தலையை வச்சுச் சிரிச்சாங்க.

நான் சிரிக்கல.

தொழில் புத்தி நர்ஸம்மா, அது. ஃபேக்டரியில தரம் பாக்குற வேலை முப்பது வருஷம். இரும்பு வளையத்தைக் கையில எடுத்து அளந்து பாத்து, மயிரிழை கூடக் குறைய இருந்தா தூக்கித் தனிப் பெட்டியில போடுறது. அவ்ளோதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதேதான். டம்ளர்ல தண்ணி குடுத்தா, குடிக்கிறதுக்கு முன்னாடி தூக்கிப் புடிச்சு வெளிச்சத்துல பாப்பாரு…

என்ன அப்படிப் பாக்குறீங்க? எனக்கு எப்படித் தெரியும்னா? தெரியும். தேதிக்குக் கீழ ரெண்டு கோடு போடுற ஆளு உலகத்துல ஒருத்தர்தான் இருக்காரு. என் ஸ்கூல் ரிப்போர்ட் பூரா அந்தக் கோடுதான்.

ஆமா. எங்கப்பாதான்.

வாயை மூடிக்கிட்டு வேலையப் பாருங்க. அக்காவுக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. ஏழு வருஷம் முன்னாடி நான் நானா உடுத்திக்கிட்டுப் போய் அவரு முன்னாடி நின்னேன். மனுஷன் திட்டல, அடிக்கல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. திரும்பப் போட்டுக்கிட்டு ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாரு. அளவுக்கு வரலைன்னு என்னையும் அந்தப் பெட்டியில போட்டுட்டாருன்னு நினைச்சேன். திட்டியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. அம்மா இருந்தா அவங்க வழியாவாவது ஏதாச்சும் தெரியும். அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. ஊர்ல இருக்கிற போனெல்லாம் உசிரு குடுத்து எழுப்பி விடறேன். அந்த ஒரு நம்பரை மட்டும் அழுத்த எனக்குக் கை வரல.

நான்தான் போடுறேன்னு அவருக்குத் தெரியுமான்னுதானே யோசிக்கிறீங்க? நம்ம புக்கு பின்னட்டையில என்ன இருக்கு? எங்க மூணு பேரு படம். யாரு எந்தப் புதிருன்னு நம்பர். அதுக்குக் கீழ விலை. விலையைப் பாக்காம எங்கப்பா ஒரு தீப்பெட்டி வாங்க மாட்டாரு!

ஆனா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அதைப் பத்தி எழுதினதில்ல. சிலந்திக்கு எட்டுக் காலு. அதோட சரி.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இனிமே ஒரு தப்பு கண்டுபுடிக்க முடியாது பாருன்னு, உக்காந்து உக்காந்து சரிபாத்துப் போட்டேன். மூணு மாசம், ஒரு தப்பு இல்ல. மூணு மாசமும் ஒரு லெட்டர் இல்ல! போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்குக் கடையப் பூட்டிட்டு இங்க வந்து நின்னேன். அக்கா, "என்னடி, போஸ்ட்மேனைக் கட்டிக்கப் போறியா?"ன்னாங்க. எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல.

நாலாவது மாசம்… ஹும். நாலாவது மாசம், "சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள், மூணு எழுத்து"ன்னு குறிப்புக் குடுத்து, விடையில வெள்ளின்னு போட்டு விட்டேன்.

புதன்தான்! எனக்குத் தெரியும் நர்ஸம்மா, தலையைத் தலையை ஆட்டாதீங்க! தெரிஞ்சேதான் போட்டேன்! நாலே நாள்ல ரெண்டு பக்கம் வந்துச்சு. சூரியன், புதன், வெள்ளி, பூமின்னு எல்லாத்துக்கும் வட்டம் போட்டு. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிட்ட சாப்பாடு இருக்கே…

அப்புறம் என்ன, மாசம் ஒண்ணு. பதினோராம் புதிர்ல, ஒண்ணே ஒண்ணு. நல்ல தப்பாப் போடுறது லேசுன்னு நினைக்காதீங்க. ரொம்பச் சின்னதாப் போட்டா அச்சுப் பிழைன்னு விட்டுடுவாரு. ரொம்பப் பெருசாப் போட்டா, பைத்தியம்னு புக்கை நிறுத்திடுவாரு. அளவா இருக்கணும். "திமில்ல தண்ணி சேத்து வைக்கிற மிருகம்"னு ஒட்டகத்துக்குக் குடுத்தேன் ஒரு தடவை. மூணு பக்கம் எழுதினாரு! திமில்ல இருக்கிறது கொழுப்பாம். "தாங்கள் ஒட்டகத்தை நேரில் பார்த்ததுண்டா?"ன்னு ஒரு கேள்வி. அந்த லெட்டரைத்தான் நான் பர்ஸுலயே வச்சிருக்கேன்.

இந்த மாசம் போட்டேன் பாருங்க, என் ஆயுசுலயே நல்ல தப்பு. "உலகின் மிகப் பெரிய மீன், ஆறு எழுத்து." விடை திமிங்கலம். திமிங்கலம் மீனே இல்ல! குட்டி போட்டுப் பால் குடுக்குது! இதுக்கு எங்கப்பா நாலு பக்கம் எழுதுவாரு, படத்தோட. அப்படி ஒரு தப்புக்கு அந்த மனுஷன் எழுதலைன்னா என்ன அர்த்தம்? ம்? நீங்க ஆஸ்பத்திரியில பாக்குறவங்க. எழுபத்தஞ்சு வயசு, தனியா இருக்கிற மனுஷன், தப்பு இருந்தும் முத தடவையா எழுதலைன்னா என்ன அர்த்தம்? நான் ஒம்போது நாளா நல்லாத் தூங்கல. படுத்து விழுந்துட்டாரோ, யாராச்சும் பாத்தாங்களோ இல்லையோ… எனக்குச் சொல்ல அங்க யாரு இருக்கா? இல்ல, போதும்னு விட்டுட்டாரோ?

இருங்க, காட்டுறேன். அந்தக் கட்டுல இருந்து ஒரு புக்கு எடுங்க. பதினொண்ணு… பக்கம் இருபத்திரெண்டு… இடமிருந்து வலம்… இதோ. "உலகின் மிகப் பெரிய…"

பாலூட்டி.

"உலகின் மிகப் பெரிய பாலூட்டி."

நர்ஸம்மா. நர்ஸம்மா, இங்க என் மூஞ்சியப் பாருங்க. யாரு மாத்தினது? தரையைப் பாக்காதீங்க! நீங்களா? நான்தான் சொன்னேன்ல, பதினோராம் புதிரை நீங்க பாக்க வேணாம், நானே ரெண்டு தடவை பாத்துட்டேன்னு! மத்தவங்களதை மட்டும் பாருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? என்னது? டாக்டர் எழுதின மருந்தையே நீங்க ஒரு தடவை பாத்துட்டுத்தான் குடுப்பீங்களா? அது சரி! ரொம்ப நல்ல பழக்கம்! அந்தப் பழக்கத்துல மண்ணை அள்ளிப் போட!

ஐயோ, அழாதீங்க, உங்களைச் சொல்லல. உங்களை யாரு இங்க கூட்டிட்டு வந்தது? நானேதான! போன மீட்டிங்குல அக்கா எகிறினாங்க, "மாசாமாசம் புக்குல தப்பு வருது, யாருடி அது, சந்தாக்காரங்க கேக்குறாங்க, மானம் போகுது"ன்னு. நான் என்ன பண்ணியிருக்கணும்? கம்முனு இருந்திருக்கணும். நான் எந்திரிச்சு நிக்குறேன்! "ஆமாக்கா, இது அநியாயம், கண்டிப்பான ஆளு ஒருத்தரை சரிபாக்கப் போடணும், எனக்குத் தெரிஞ்ச நர்ஸம்மா இருக்காங்க, நம்மளை மாதிரிதான், ஊசி போட்டா ஒரு சொட்டு கூடாது குறையாது"ன்னு, என் வாயாலயே! என்மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு சொன்னேன். என் கையாலயே குழி வெட்டி, அளந்து பாத்து, அழகா உள்ள எறங்கி உக்காந்துட்டேன்!

இருங்க… இருங்க. அப்போ தப்பு இல்ல. தப்பு இல்லாததால எழுதல. அவ்ளோதானா? அப்போ மனுஷன் நல்லாத்தான் இருக்காரு! படுக்கல, விழல, ஒண்ணுமில்ல! பதினொண்ணைப் போட்டுப் பாத்துட்டு, ஒரு தப்பும் கெடைக்காம, கடுப்புல உக்காந்திருக்காரு! அடக் கடவுளே… சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எனக்கும் சிரிப்புதான் வருது. கண்ணுல ஏன் தண்ணி வருதுன்னு தெரியல.

என்ன? எதை நீட்டுறீங்க? கார்டா? ஆர்டர்னா அந்த டப்பாவுல போடுங்க. ஆர்டர் இல்லையா? எத்தனை புக்குன்னு எழுதலையா? எதுல சேக்குறதுன்னு தெரியாம வெள்ளிக்கிழமையில இருந்து தனியா எடுத்து வச்சிருக்கீங்களா? குடுங்க பாப்போம்…

தேதி. கீழ ரெண்டு கோடு.

எனக்குக் கண்ணு தெரியல. இல்ல, நீங்க படிக்காதீங்க, நானே படிக்கிறேன். "ஆசிரியர் குழுவினருக்கு. இம்மாத இதழின் பதினோராம் புதிரில் பிழை ஏதும் இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன். அப்புதிரைப் போடும் பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?"

…

பொண்ணுன்னு எழுதியிருக்காரு நர்ஸம்மா.

மூணு தடவை பாத்தாராம். தப்பு இல்லைன்னதும் எனக்கு உடம்பு சரியில்லையோன்னு… அப்போ அவருக்கு எல்லாம் தெரியும்! வெள்ளி, ஒட்டகம், எல்லாமே தெரிஞ்சுதான் பக்கம் பக்கமா எழுதியிருக்காரு அந்தக் கள்ள மனுஷன்! இத்தனை வருஷமும் நான் அவரை ஏமாத்துறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேனே!

அக்காவைக் கூப்பிடாதீங்க. அப்புறம் சொல்லிக்கலாம். அந்த டிராயர்ல காலிக் கார்டு இருக்கும், ஒண்ணு எடுங்க. பேனா? உங்க பச்சைப் பேனாவையே குடுங்க, பரவால்ல. போன் வேணாம், போன்ல எனக்குப் பேச்சு வராது, வெறும் அழுகைதான் வரும். எழுதுறேன். ஆசிரியர் குழுன்னு ஆரம்பிக்கவா, இல்ல… இல்ல. அப்பான்னே ஆரம்பிக்கிறேன். "அப்பா, எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல…"

நர்ஸம்மா, நான் எழுதி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பேசாம இருங்களேன், புண்ணியமாப் போகும்.